மடைமேட்டில் ஐந்தரை மணி

தம்பி மகன் மினசோட்டாவில் இருக்கிறான். போன மார்கழியில் ஒரு ராத்திரி கூப்பிட்டான். அவனுக்கு அது காலை நேரம். "பெரியப்பா, சனிக்கிழமை ஐஸ் மேல உட்காந்து மீன் பிடிக்கப் போறோம். எனக்கு இதுதான் முதல் தடவ. நீங்கதான் தூண்டில் போடுறவராச்சே, ஏதாவது சொல்லுங்க" என்றான்.

முதலில் அவனைச் சொல்லவிட்டுக் கேட்டேன். ஏரி முழுக்க உறைந்து கிடக்குமாம். அதன் மேல் நடந்து போய், திருகாணி மாதிரி ஒரு பெரிய கருவியால் துளை போட்டு, அந்தத் துளைக்குள் தூண்டிலை இறக்கி உட்கார வேண்டும். ஆள் நடக்கத் தெளிந்த ஐஸ் நாலு அங்குல கனமாவது இருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்து இயற்கை வளத்துறையே சொல்லியிருக்கிறது. லைசென்ஸ் வேண்டும். காற்றை மறைக்கச் சின்னக் கூடாரம் வேண்டும். ஐஸ் உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் விளிம்பில் குத்தி ஏறிவர, கூர் வைத்த இரண்டு கைப்பிடிகளைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் வாங்கிவிட்டான்.

"கூட யாரு வர்றா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல ஒரு வயசாளி. அந்த ஏரில நாப்பது வருஷமா பிடிக்கிறாராம்."

"அப்போ அவரு கால் வைக்கிற எடத்துல கால் வையி எய்யா. மத்ததெல்லாம் சாமான்தான்" என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இவன் 1986-ல் பிறந்தவன். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து எங்களைப் பிரித்துத் தூத்துக்குடி மாவட்டம் ஆக்கிய அதே வருஷம். எங்கள் ஊர்க் குளத்தில் ஊரே இறங்கி மீன் பிடித்ததை அவன் பார்த்ததில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்கிற வயசு அவனுக்கு வருவதற்குள் குளம் குத்தகைக்குப் போய்விட்டது. சொந்த ஊரில் இறங்காத தண்ணீருக்குப் பதிலாகப் பூமிக்கு அந்தப் பக்கத்தில் உறைந்த தண்ணீர் மேல் ஏறப் போகிறான். அவனுக்கு நான் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடம்பூர்ப் பக்கம். கடம்பூர் ஸ்டேஷன் போளிக்குப் பேர் போனது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் ஓட ஆரம்பித்த தடத்தில், கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள், இந்தப் பொட்டலில் மீன் எங்கேயிருந்து வரும் என்று கேட்பார்கள். தாமிரபரணி எங்களுக்குத் தெற்கே போகிறது, வைப்பாறு வடக்கே போகிறது. நடுவில் இருக்கிற நாங்கள் வானம் பார்த்த ஆட்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். கொட்டுகிற தண்ணீரைக் கரை கட்டி மறித்தால்தான் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் அதைக் குளம் என்பார்கள், சாத்தூர் தாண்டினால் கண்மாய். இரண்டுக்கும் இடையில் கிடக்கிற எங்கள் வாயில் இரண்டும் வரும்.

இந்தக் குளங்களுக்கு ஒரு வருஷக் கணக்கு இருக்கிறது. கார்த்திகையில் பெருகும், நல்ல வருஷமென்றால் மறுகால் பாயும். மார்கழி, தையில் நிறைந்து நிற்கும். மாசியில் இறங்கும். பங்குனி கடைசியில் மடைக்குழியில் மட்டும் ஒரு குட்டை கிடக்கும். சித்திரையில் அதுவும் போய், உள்வாய் முழுவதும் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். தம்பி மகனின் ஏரியில் குளிர் வந்து தண்ணீரைக் கட்டியாக்குகிறது. எங்கள் குளத்தில் வெயில் வந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு இடத்திலும் மனுஷன் நேற்றுவரை நடக்க முடியாத இடத்தில் நடந்து போய் மீனைச் சந்திக்கிறான். அதனால்தான் அவன் சொன்னது எனக்கு அந்நியமாகப் படவில்லை.

எனக்கு முதல் தடவை 1964 மார்கழி. எட்டு வயசு. கூட்டிப் போனவர் என் தாய்மாமா. முதல் நாளே என்னை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் குப்பைக்கிடங்குக்கு அனுப்பினார். ஈரக் குப்பையை விலக்கினால் மண்புழு கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதைச் சிரட்டையில் போட்டு, மேலே ஈரமண் தூவி, வாயை வேப்பிலையால் மூடி வைத்தேன். கம்புக்கு நொச்சி விளாறு. நரம்புக்கு, அப்போதே கோவில்பட்டிக் கடையில் தங்கூஸ் கிடைத்தது. அதற்கு முந்தி பருத்தி நூலை முறுக்கிப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றி வைத்துக்கொள்வார்களாம். இது பருத்திச் சீமை, நூலுக்குப் பஞ்சமில்லை. தக்கைக்கு மயில் இறகின் தண்டு. எங்கள் காட்டில் மயில் ஏராளம், வரப்பெல்லாம் இறகு உதிர்ந்து கிடக்கும். விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டை நறுக்கி நரம்பில் சொருகினால், சின்னக் கெண்டை மூக்கால் இடித்தால்கூடக் காட்டிக் கொடுக்கும்.

விடியுமுன் எழுப்பிவிட்டார். பனி இறங்கிப் புல்லெல்லாம் நனைந்திருந்தது. குளத்துக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை. மாமாவிடம் கேள்வி கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பிறகு நானே கண்டுகொண்டேன். எட்டு மணிக்கு மேல் வாடைக்காற்று எழும்பிவிடும். அதற்கு முன்னால் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். விரால் காற்றைக் குடிக்கிற மீன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போகும். அந்த இடத்தில் ஒரு வளையம் விரியும், ரெண்டு குமிழி வரும். காற்று எழும்பினால் வளையமும் தெரியாது, குமிழியும் தெரியாது. மாமா மடைமேட்டில் குத்தவைத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் ஐந்து இடம் குறித்துவிட்டார். அதன்பிறகுதான் தூண்டிலைத் தொட்டார்.

இன்னொன்றையும் அன்று காட்டினார். கோரைப்புல் ஓரத்தில் செக்கச்செவேல் என்று சின்னப் பூச்சிகள் மாதிரி ஒரு கூட்டம் தண்ணீருக்குள் சுழன்றுகொண்டிருந்தது. விரால் குஞ்சு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பக்கத்தில் தவளைக்குஞ்சைப் போட்டால் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும், பிடிப்பது சுலபம். "இதுக்குப் பக்கத்துல மட்டும் போடக்கூடாது" என்றார். காரணம் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது, எல்லோரும் அப்படியே நடந்தார்கள்.

கரிசல் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்மண் குளத்தில் இறங்கினவனுக்கு இது புரியாது. ஈரக் கரிசலில் ஓர் அடி வைத்தால் காலோடு ஒரு மரக்கால் மண் எழும்பும். பத்து அடி நடந்தால் ரெண்டு காலிலும் ஆட்டுக்கல்லைக் கட்டின மாதிரி இருக்கும். செருப்பு போட்டு இறங்கினால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். இதை விடவும் மோசம், மேலே காய்ந்து தோல் கட்டின இடம். பார்க்கத் தரை மாதிரி இருக்கும், மிதித்தால் இடுப்பு வரை இறங்கும். மினசோட்டாவில் ஐஸின் கனத்தை அளக்கிறார்கள். மாமா கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு முன்னால் குத்திக் குத்திப் போனார். நான் அவர் மிதித்த குழியிலேயே மிதித்துப் போனேன். எங்கே பழைய கிணற்றுப் பள்ளம், எங்கே வரத்துக்கால் வண்டல், எங்கே பாறை என்று அந்தக் குளத்துத் தரை முழுவதும் அவர் மனசில் இருந்தது. தண்ணீர் இல்லாத மாதங்களில் அங்கேதான் ஆடு மேய்த்திருக்கிறார். அதனால் தண்ணீர் நிற்கும்போதும் அவருக்கு அடித்தரை தெரியும். மீன் பிடிக்கிற அறிவில் முக்கால் பங்கு கோடையில் வருவது.

இவ்வளவு ஜாக்கிரதையாகப் போயும் அன்று நான் கொட்டு வாங்கினேன். தக்கை அமுங்கி, இழுத்தேன். கறுப்பாக, மழமழவென்று, மீசை வைத்த ஒன்று வந்தது. கெளுத்தி என்று நினைத்து அமுக்கிப் பிடித்தேன். அது தேளி. செவுளுக்குப் பக்கத்தில் ரெண்டு புறமும் முள் இருக்கும், முள்ளில் விஷம் இருக்கும். பேரே தேளிலிருந்து வந்ததுதான். பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. முழங்கை வரைக்கும் நெருப்பு ஓடினது மாதிரி இருந்தது. மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதிலேயே அமுக்கிப் பிடித்தார். ஆற ஆறச் சூடு சேர்த்தார். அரை மணியில் கடுப்பு அடங்கியது. அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகிற சாதி என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். மாமாவுக்கு அந்த வைத்தியம் அவருடைய மாமாவிடமிருந்து வந்தது.

இந்தத் தண்ணீரும் மீனும் யாருடையவை என்று யோசிக்க ஆரம்பித்தது தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். கடம்பூர், கயத்தாறு, கழுகுமலை வட்டாரத்தில் சைக்கிளில் சுற்றினவன் நான். பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிற ஏலத் தாளை நின்று படிப்பேன். அதில் எப்போதும் "மீன்பாசி குத்தகை" என்றுதான் இருக்கும். மீன் சரி, பாசி எதற்கு? குளத்துப் பாசியை யார் ஏலம் எடுப்பார்கள்? பல வருஷம் அது எனக்கு விளங்கவில்லை.

கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு நண்பர்தான் விளக்கினார். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கிற உரிமைக்குக் கட்டுகிற பாட்டம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சொல், அச்சடித்த ஏலத் தாளில் உயிரோடு இருக்கிறது. மீனையே கொடியில் வைத்த பாண்டியர் சீமையில் இது பிழைத்துக் கிடப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அந்த நண்பர் சொன்ன அடுத்த செய்திதான் மனசில் தைத்தது. பாசிப்பாட்டத்தில் வருகிற பணத்தை அந்த ஏரியின் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் செலவிட வேண்டும் என்று வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகளில், ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று தனியாகக் குழு இருந்தது தெரிகிறது. மீனை எடுத்தவன் மண்ணையும் எடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சொல் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது, ஏற்பாடு நடுவழியில் நின்றுவிட்டது.

எங்கே நின்றது என்று ஒரே வருஷத்தைக் காட்ட முடியாது. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டைகள் முடிந்து 1803-ல் கும்பினியார் பாளையங்களை ஜமீன்களாக மாற்றி நிரந்தர வரி கட்டினார்கள். அதுவரை ஊர் கூடிச் செய்த குடிமராமத்து மெல்லத் தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கரை வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாக அழைக்கச் சட்டமே போட வேண்டி வந்தது. தானாக வந்த கைகளுக்குச் சட்டம் எதற்கு? ஜமீன் காலத்தில் குளம் அழிக்கிற அன்று பெரிய விரால்கள் முதலில் அரண்மனைக்குப் போகும், அதற்குப் பிறகுதான் ஊருக்கு என்று பாட்டி சொல்வாள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பிறகு நாற்பது ஹெக்டேருக்குக் கீழே பாய்கிற குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியவை பொதுப்பணித் துறையின் பொறுப்பு என்று பிரிந்தன. எங்கள் குளம் சின்னது. அதனால் கொஞ்ச காலம், என் பால்யம் முழுவதும், யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது எங்களுக்கு நல்ல காலம்.

சிவகங்கை, மதுரைப் பக்கம் அழிகண்மாய் என்பதை நாங்கள் குளம் அழிக்கிறது என்போம். மாசி கடைசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினதும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாள் குறிப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தாக்கல் போகும். அன்று காலை கரையில் ஜனம் வரிசையாக நிற்கும். கரையடிச் சாமிக்குச் சூடம் காட்டி, ஒரு பெரியவர் மடைமேட்டில் ஏறித் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வீசுவார். அவ்வளவுதான், குளமே கலங்கிவிடும். ஊத்தா வைத்திருப்பவர்கள் முன்னால் போவார்கள். அடியும் மேலும் திறந்த கூடை, சேற்றில் சடக்கென்று அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவது. உள்ளே மீன் மோதினால் கூடையின் குச்சி கையில் அதிரும். அந்த அதிர்வை இப்போதும் என் உள்ளங்கை மறக்கவில்லை. கச்சா, பரி என்று மற்றப் பிடிகருவிகளெல்லாம் அடுத்து வரும். ஒன்றும் இல்லாதவர்கள் வேட்டியை ஆளுக்கு ஒரு முனை பிடித்து இழுப்பார்கள். பெண்கள் மடைக்கு வெளியே வாய்க்காலில் பழைய சேலையை விரித்து அயிரை பிடிப்பார்கள். ரொம்ப வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கரையிலேயே இருப்பார்கள். மேலே வருகிறவர்கள் அவர்கள் மடியில் ரெண்டு மீனைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வந்தவன் யாரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அசலூர்க்காரனுக்கும் அதே நியாயம்.

அன்று ஊரில் மீன் விற்கிறதும் கிடையாது, வாங்குகிறதும் கிடையாது. பனை ஈர்க்கில் செவுள் வழியாகக் கோத்துத் தொங்கவிட்டபடி பிள்ளைகள் தெருவில் ஓடும். விராலின் வழுவழுப்பு போகச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்ப்பார்கள். குளத்து மீனுக்குச் சேற்று வாடை உண்டு. கல் உப்பும் புளித்தண்ணீரும் போட்டு மூன்று தண்ணீர் அலசினால்தான் போகும். அயிரையை உயிரோடு சட்டியில் விட்டு, மண்ணைக் கக்கும் வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பாள் அம்மா. நெல்லுச்சோறு நல்லநாள் பெரியநாளைக்குத்தான். குதிரைவாலிச் சோற்றுக்கு விரால் குழம்பு. சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனை.

மறுநாள் வண்டி கட்டுவார்கள். இதை நான் பல வருஷம் தனிக் காரியம் என்று நினைத்திருந்தேன். மீன் எடுத்து முடிந்த குளத்தில் ஈரம் காயக் காயக் கரம்பை என்கிற வண்டலை வெட்ட ஆரம்பிப்பார்கள். கரம்பை அடித்த புஞ்சையில் பருத்தி வேறு மாதிரி நிற்கும். சித்திரை முழுவதும் மாட்டுவண்டிகள் குளத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கும். எடுத்த இடம் பள்ளமாகும், அடுத்த கார்த்திகையில் அங்கே கூடுதலாகத் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீரில் மீன் கூடுதல் நாள் இருக்கும். கல்வெட்டில் இருந்த அதே ஏற்பாடு! ஊருக்குக் கல்வெட்டு தெரியாது. வரி என்றும் பாட்டம் என்றும் பேர் வைக்காமல், முதல் நாள் மீன், மறுநாள் மண் என்று அது நடந்துகொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டை உடைத்தது ஒரு ஆள் இல்லை. பல காரியங்கள் தனித்தனியாக வந்து சேர்ந்தன. அதில் முதலாவதாக நான் வைப்பது ஐஸை.

சென்னைக்கு ஐஸ் கப்பலில் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்ததைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். 1897-ல் விவேகானந்தர் தங்கிய, இன்று அவர் பேரில் இருக்கிற அதே கட்டடம். தோரோ என்ற எழுத்தாளர் வால்டன் குளத்தங்கரையில் வாழ்ந்தபோது, 1846-47 குளிர்காலத்தில் அங்கேயும் ஐஸ் அறுத்தார்கள். தன் குளத்துத் தண்ணீரைச் சென்னைக்காரர்களும் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் தன் புத்தகத்தில் எழுதினார். ஐஸைத் துளைத்து மீன் பிடித்தவர்களையும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆக, தம்பி மகன் துளை போடப் போகிற மாதிரி ஒரு ஐஸ் நம்ம ஊர்க் கரைக்கு முன்னமே வந்துபோயிருக்கிறது.

கரிசலுக்கு வந்தது அந்த ஐஸ் இல்லை; தூத்துக்குடி ஐஸ் பாக்டரிகளில் உறைய வைத்தது. அதற்கு முந்தி எங்களுக்குக் கடல் மீன் என்றால் கருவாடுதான். ஐம்பது கிலோமீட்டர் வெயிலில் பச்சை மீன் தாங்காது. ஐஸ் வந்ததும் சாளையும் நகரையும் கூடையில் ஏறி ரயிலில் வந்தன, பிறகு சைக்கிளில், பிறகு டி.வி.எஸ். ஐம்பதில், பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி வாசலுக்கே வந்தன. மாசிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. காத்திருந்து கிடைக்கிற ருசி குறைந்ததும் குளத்தின் மேல் ஊருக்கு இருந்த கவனமும் குறைந்தது.

இரண்டாவது மீன்குஞ்சு. 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாதான் எங்கள் ஜிலேபிக் கெண்டை. போட்டால் போதும், பெருகித் தள்ளும், உள்ளூர்ச் சின்ன மீன்களுக்கு இடம் விடாது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி ஊசி போட்டுக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். நாட்டுக்கு அது பெரிய காரியம், அந்த நாளை மீன் வளர்ப்போர் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அதன் பலன்தான் கட்லாவும் ரோகுவும் எந்த மூலைக் குளத்துக்கும் பாலித்தீன் பையில் வந்து இறங்கினது. குஞ்சு வாங்கி விடுகிறவன் பணம் போடுகிறான். பணம் போட்டவன் காவல் போடுவான். அதில் தப்பில்லை. ஆனால் மழையோடு வந்து மழையோடு போன ஊர் மீன், விதைத்து அறுக்கிற வெள்ளாமையாக மாறிவிட்டது.

எங்கள் குளம் 1980-களின் கடைசியில் ஏலத்துக்கு வந்தது. 1991 தையில் ஒரு விடியற்காலை நான் வழக்கம்போல மடைமேட்டில் உட்கார்ந்திருந்தேன். குத்தகைக்காரரின் காவல் ஆள் வந்தான், என் வயசில் பாதி இருப்பான். கம்பைக் கையிலிருந்து வாங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். ஒரு வார்த்தை தடிக்கவில்லை, அவனுக்கு அது வேலை. நொச்சி விளாறு முறிந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. அதன்பிறகு குளம் அழிக்கிறதும் நின்றது. லாரியில் வலை வந்து, ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விடும். மறுநாள் வண்டி கட்ட யாருக்கும் தோன்றவில்லை. உரமூட்டை வந்துவிட்டது, மாடும் குறைந்துவிட்டது. உள்வாய் மேடேறி வேலிக்காத்தான் முளைத்தது. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பேரிலேயே தூர் வாரத் திட்டம் கொண்டுவந்தபோது இயந்திரம் வந்து தோண்டிப் போட்டது. வேலை நடந்தவரை நல்லதுதான். ஆனால் பேரில் குடி இருந்தது, கரையில் இல்லை. ஏலப் பணத்தில் ஒரு பங்கு அந்தந்தக் குளத்துத் தூருக்கே போக வேண்டும் என்று எழுதிவைக்க இன்று புதுக் கல்வெட்டு தேவையில்லை, ஒரு கிராமசபைத் தீர்மானம் போதும். ரெண்டு தடவை எழுந்து பேசினேன். இன்னும் பேசுவேன்.

ஒரு விஷயம் எனக்குத் தைரியம் தருகிறது. வருஷா வருஷம் வெடித்துக் காய்கிற குளத்தில், யாரும் குஞ்சு விடாத வருஷமும் விராலும் குரவையும் தேளியும் மறுபடி வந்துவிடுகின்றன. மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்பார்கள் எங்கள் பாட்டிமார். இவை மூன்றும் காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாள் கடத்தும். மழைத் தண்ணீர் ஓடினால் புல்தரையில்கூட நெளிந்து ஏறும். மறுகால் பாய்கிறபோது கீழ்க்குளத்து மீன் எதிர்த்து மேல்குளத்துக்கு ஏறும். மினசோட்டா மீனுக்கும் ஒரு வழி இருக்கிறது: தண்ணீர் நாலு டிகிரியில்தான் அதிகக் கனம், அது அடியில் தங்கும், ஐஸ் மேலே மிதந்து கூரையாகிவிடும், கீழே மீன் குளிரைக் கழிக்கும்.

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டின மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் பக்கமும் குளம் குளமாகக் கரை உடைந்தது, வீடும் வெள்ளாமையும் போன துக்கம் பெரிது. தண்ணீர் வடிந்த அன்று உளுந்துக் காட்டில் கட்லாவும் விராலும் துள்ளிக் கிடந்தன. ஊர்ச் சனம் இறங்கிக் கையால் அள்ளியது. முப்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பிள்ளைகள் ஈர்க்கில் மீன் கோத்துக்கொண்டு ஓடினதை அன்றுதான் பார்த்தேன். ஒரு கிழவி மடியை ஏந்தி நின்றாள், ஒரு பையன் கேட்காமலே ரெண்டைப் போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தம்பி மகன் அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஒரு படம் அனுப்பினான். வெள்ளை வெளியில் ஒரு கறுப்புத் துளை, பக்கத்தில் ஒரு சாண் நீள மீன். வயசாளி கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தானாம். இந்தத் தைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பையனுக்கு எட்டு வயசு.

குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்தேன். "தூண்டில்தானே அண்ணாச்சி, போடுங்க" என்றார், நல்ல மனுஷர். நொச்சி விளாறு மூன்று வெட்டி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். மயில் தண்டு நறுக்கியாயிற்று. பரணில் மாமாவின் ஊத்தா கிடக்கிறது, அடிக்கட்டில் நாலு குச்சி போய்விட்டது. பின்னத் தெரிந்த ஒருவர் கயத்தாறு பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள், நாளைக்குப் போக வேண்டும். குப்பைக்கிடங்கு எங்கள் வீட்டில் இப்போது இல்லை. மாடு வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், புழுவைப் பையனே தோண்டட்டும். ஷூவைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும் என்று தகப்பனுக்குச் சொல்லியாயிற்று. மடைமேட்டில் ஐந்தரைக்கு நிற்க வேண்டும். ஃபிளாஸ்க் ரெண்டு கழுவி வைத்திருக்கிறேன். ஒன்றில் காப்பி. இன்னொன்றில் வெந்நீர், தேளிக்கு.